கம்பெனியை மாற்றினால் டிஎஸ்எல் வேகம் கூடுமா?

கேள்வி

எனக்கு டிஎஸ்எல்லில் (போன் கம்பி வழியாக வரும் இணையம்) 5 எம்பிபிஎஸ்தான் வருகிறது. எதிர் வீட்டுக்காரர் வேறு கம்பெனி, அவருக்கு 30 வருகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இரண்டு வீட்டுக்கும் ஒரே தூரம்தான். அப்படியென்றால் தூரம், தூரம் என்று சொல்வதெல்லாம் சாக்கு. கம்பெனியை மாற்றினால் வேகம் வந்துவிடும். சரிதானே?

ஜூன் 3, காலை

ஸ்பீடு டெஸ்ட் எண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மோடத்தின் செட்டிங் பக்கத்துக்குள் போங்கள். டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே நாலு விஷயம் பார்க்க வேண்டும்: சிங்க் வேகம் (உங்கள் மோடமும் கம்பியின் மறுமுனையில் உள்ள கருவியும் ஒத்துக்கொண்ட வேகம்), அட்டனுவேஷன் (வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது), எஸ்என்ஆர் மார்ஜின் (சத்தத்துக்கு மேல் விட்டுவைக்கும் இடைவெளி), எந்த மோடில், அதாவது எந்த டிஎஸ்எல் வகையில், ஓடுகிறது என்பது. எதிர் வீட்டுக்காரர் சிநேகமானவர் என்றால் அவருடையதையும் எழுதி வாங்குங்கள். அது கிடைக்கும்வரை நான் சொல்வதெல்லாம் ஜோசியம்.

ஜூன் 3, இரவு

எண்கள் வருவதற்குள் தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன். தூரம் சாக்கு இல்லை. ஆனால் எந்தத் தூரம் என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

டிஎஸ்எல் மோடம் கம்பியில் ஒரே ஒரு சிக்னலை அனுப்புவதில்லை. டிஎஸ்எல்லின் பழைய வகையான ஏடிஎஸ்எல்லில் 1.1 மெகாஹெர்ட்ஸ்வரை உள்ள இடத்தை 256 சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாகத் தரவை ஏற்றுகிறார்கள். துண்டின் அகலம் 4.3125 கிலோஹெர்ட்ஸ். ஏடிஎஸ்எல்2+ வந்தபோது 2.2 மெகாஹெர்ட்ஸ், 512 துண்டுகள் என்று இரட்டிப்பானது. நொடிக்கு 4000 முறை ஒவ்வொரு துண்டிலும் சில பிட்கள் ஏறுகின்றன. துண்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு பிட், அதிகபட்சம் 15. ஒரு துண்டு செத்துப்போனால் மற்றவை தொடர்ந்து ஓடும்.

இதில் செம்புக் கம்பியின் குணம் எங்கே வருகிறது என்றால், அதிர்வெண் ஏற ஏற இழப்பும் ஏறும். கம்பி நீளம் கூடக் கூட முதலில் சாவது மேல்பக்கத் துண்டுகள். ஆகவே நீளம் கூடினால் வேகம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைவதில்லை, மேலிருந்து ஒவ்வொரு அடுக்காகக் கழன்று விழுகிறது. ஏடிஎஸ்எல்2+க்கு 24 எம்பிபிஎஸ் என்று விளம்பரம் செய்வது ஏறக்குறைய 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான். 2 கிலோமீட்டரில் 15 பக்கம். 3 கிலோமீட்டரில் 8 கிடைத்தாலே நல்ல லைன். 4ஐத் தாண்டிவிட்டால் 3, 4 என்று விரல்விட்டு எண்ணலாம். 5 கிலோமீட்டரில் 1 எம்பிபிஎஸ் நிலையாக நின்றாலே பெரிய விஷயம்.

விடிஎஸ்எல்2 என்ற அடுத்த வகை இன்னும் மேல் அதிர்வெண்களுக்குப் போகிறது. பரவலாக உள்ள 17ஏ வகையில் 17 மெகாஹெர்ட்ஸ் தாண்டும். 300 மீட்டரில் 80, 90 என்று பறக்கும், 1 கிலோமீட்டரில் 30 சொச்சத்துக்கு வந்துவிடும், ஒன்றரை கிலோமீட்டர் தாண்டினால் ஏடிஎஸ்எல்2+ஐவிடப் பெரிதாக ஒன்றும் தராது. மேல் அதிர்வெண்களை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு நீளம்தான் முதல் எதிரி.

ஜூன் 4

எண்கள் வந்திருக்கின்றன, நன்றி. ஏடிஎஸ்எல்2+, சிங்க் 5.6, அட்டனுவேஷன் 44 டெசிபல், மார்ஜின் 9.

லைன் பார்ப்பவர்கள் மனக்கணக்காகப் போடுவது: 0.4 மில்லிமீட்டர் கம்பி என்றால் கிலோமீட்டருக்கு 13.8 டெசிபல். 44ஐ வகுத்தால் 3.2 கிலோமீட்டர். உங்கள் லைன் 3.2 கிலோமீட்டர் நீளம், அல்லது அந்த அளவுக்குச் சமமான கஷ்டத்தில் இருக்கிறது.

"வரைபடத்தில் அளந்தால் ஒன்றே முக்கால்தான் வருகிறது" என்கிறீர்கள். வரும். காக்கை பறக்கும் தூரத்தில் யாரும் கேபிள் போடுவதில்லை. பெரிய கேபிள் எக்ஸ்சேஞ்சிலிருந்து முக்கியச் சாலையோடு போய், ஒரு தெருமுனைப் பெட்டியில் பிரிந்து, அங்கிருந்து சில சமயம் வந்த வழியே திரும்பிக்கூட வரும். ஒரு தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு வேறு பெட்டிகளிலிருந்து கம்பி வாங்கியிருக்கலாம். "ஒரே தூரம்" என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

கம்பியின் கனமும் ஒரு கணக்கு. 0.4 மில்லிமீட்டர் ஜோடியின் (ஒரு இணைப்புக்குப் போகும் இரண்டு கம்பி) மறுமுனையை ஷார்ட் செய்து மல்டிமீட்டரில் அளந்தால் கிலோமீட்டருக்கு 270 ஓம் சுமாருக்குக் காட்டும். 0.5 என்றால் 175தான். அதே நீளத்தில் தடித்த கம்பிக்காரர் நிம்மதியாக இருப்பார். சில இடங்களில் செம்பு விலை ஏறியிருந்த காலத்தில் அலுமினியக் கம்பி போட்டுவிட்டார்கள். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அப்படி ஒரு துண்டு நடுவில் இருந்தால் டெசிபல் கணக்கு கிலோமீட்டரைக் கூட்டித்தான் காட்டும். அதனால்தான் "அந்த அளவுக்குச் சமமான கஷ்டம்" என்று எழுதினேன்.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

"கஸ்டமர் கேரில் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள், தினமும் செய்கிறேன்" என்று ஒருவர். தயவுசெய்து நிறுத்துங்கள். பல கம்பெனிகளில் லைனைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அடிக்கடி இணைப்பு அறுந்து ஒட்டுவதைப் பார்த்தால் "இந்த லைன் நடுங்குகிறது" என்று முடிவு கட்டி, வேகத்தைத் தானாகக் குறைத்து வைத்துவிடும். வைத்தியமே வியாதி.

ஜூன் 6

என் அனுபவத்துக்கு வருகிறேன். நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு கம்பெனி மாற்றியவன்தான்.

பழைய கம்பெனியில் சிங்க் 6 பக்கம். விடியற்காலையில் டவுன்லோடு செய்தால் 5 சொச்சம் முழுசாக வரும். இரவு எட்டரைக்கு மேல் ஒன்றரை, இரண்டு. வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். மோடம் பக்கத்தைத் திறந்து பார்த்தால் சிங்க் அதே 6. கம்பி ஒரு குறையும் சொல்லவில்லை. குறை கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது: எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பெனி வெளியே கொண்டுபோகும் இணைப்பில் ஆள் கூட்டம். எத்தனை வீட்டுக்கு எவ்வளவு கொள்ளளவு வாங்கி வைக்கிறார்கள் என்பது முழுக்க முழுக்கக் கம்பெனியின் முடிவு, காசு விஷயம். புகார் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் "சார், உங்கள் லைன் தூரம்" என்ற பதில். தூரம் காலை ஐந்து மணிக்குக் குறைந்து இரவு ஒன்பதுக்குக் கூடுமா என்று கேட்டேன். டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

மாறினேன். அதே கம்பி, அதே பெட்டி, எக்ஸ்சேஞ்சுக்குள் ஒரு ஜோடியைக் கழற்றி வேறு கம்பெனியின் கருவியில் மாட்டினார்கள், அவ்வளவுதான். சிங்க் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆனால் இரவு ஒன்பதுக்கும் 5 வந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. 20 வரும் என்று நினைத்து மாறியிருந்தால் அன்றைக்கே சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆக, கேள்வி கேட்டவர் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது இதை. நாள் முழுக்க ஒரே வேகம், அதுவும் சிங்க் எண்ணை ஒட்டி வருகிறது என்றால் உங்கள் பிரச்சினை கம்பி. சிங்க் நன்றாக இருந்தும் மாலையில் படுத்துவிடுகிறது என்றால் பிரச்சினை கம்பெனி. முதல் வகைக்குக் கம்பெனியை மாற்றுவது வேஷ்டி கிழிந்ததற்குச் சட்டையை மாற்றுவது போல.

ஜூன் 7

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் "கம்பெனி மாறியதும் எனக்குச் சிங்க்கே 1 எம்பிபிஎஸ் ஏறியது" என்கிறார்கள். உண்மையாகத்தான் இருக்கும். நான் கொஞ்சம் கறாராக எழுதிவிட்டேன். கம்பி ஒன்றாக இருந்தாலும் அதை எவ்வளவு இழுத்துப்பிடித்து ஓட்டுவது என்பது கம்பெனியின் கையில்தான் இருக்கிறது.

எஸ்என்ஆர் மார்ஜினைப் பாருங்கள். சத்தத்துக்கு மேல் எவ்வளவு இடைவெளியைப் பத்திரமாக ஒதுக்கி வைப்பது என்ற எண் அது. வழக்கமான இலக்கு 6 டெசிபல். ஒரு துண்டில் ஒரு பிட் கூடுதலாக ஏற்ற ஏறக்குறைய 3 டெசிபல் தேவை. கேள்வி கேட்டவரின் லைனில் மார்ஜின் 9 என்று நிற்கிறது. அங்கே 200 துண்டு வேலை செய்கிறது என்று வையுங்கள். 9ஐ 6 ஆக்கினால் துண்டுக்கு 1 பிட், நொடிக்கு 4000 முறை: 200 பெருக்கல் 4000, ஆக 800 கேபிபிஎஸ். 5.6 என்பது 6.4 ஆகும். இதைத் துணிந்து 3க்கு இறக்கும் கம்பெனியும் உண்டு, இன்னொரு 800 கிடைக்கும். ஆனால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் லைன் அறுந்துவிடும். சுத்தமான லைனுக்கு 3 சரி, என் லைன் மாதிரிக்கு வேண்டாம்.

இன்னொன்று இன்டர்லீவிங். தரவை ஒழுங்காக வரிசையில் அனுப்பாமல் கலைத்துப் போட்டு அனுப்புவார்கள். திடீர்ச் சத்தம் ஒன்று வந்து ஒரு சிறு கணத்தைத் தின்றாலும், இழப்பு பல இடத்தில் சிதறி விழுவதால் பிழை திருத்தும் குறியீடு சமாளித்துவிடும். விலை என்னவென்றால் கலைத்ததை அடுக்க நேரம் பிடிக்கும், பிங் (ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம்) ஏறும். புதிய கம்பெனிக்கு மாறியதும் என் பிங் 20 சொச்சத்திலிருந்து 40க்கு மேல் போனது. டவுன்லோடுக்கு ஒன்றும் தெரியாது. கேம் ஆடும் என் மருமகன் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போன் செய்து "ஃபாஸ்ட் பாத் வையுங்கள்", அதாவது கலைக்காமல் அனுப்புங்கள், என்று கேட்டால் சில கம்பெனிகள் மாற்றித் தருவார்கள், சிலரிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் "அப்படி ஒரு பிளான் இல்லை சார்" என்பார்கள்.

இந்த லாபமெல்லாம் பத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்குவரைதான். 5ஐ 30 ஆக்காது. அதற்கு வேறு ஏதோ இருக்க வேண்டும். எதிர் வீட்டு எண் இன்னும் வரவில்லை.

ஜூன் 9

வந்துவிட்டது. எதிர் வீட்டு மோடத்தில் மோடு விடிஎஸ்எல்2, 17ஏ. சிங்க் 31.

இதுதான் நான் சந்தேகப்பட்டது. அவருடைய கம்பி எக்ஸ்சேஞ்சுக்கே போகவில்லை. தெருவோரத்தில் எங்கோ ஒரு பெட்டிக்குள் அந்தக் கம்பெனி தன் டிஎஸ்எல் கருவியை வைத்திருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தப் பெட்டிவரை ஃபைபர், பெட்டியிலிருந்து அவர் வீட்டுவரை மட்டும் செம்பு. 31 என்ற எண்ணைப் பார்த்தால் அந்தச் செம்பு 1 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். உங்களுக்கு 3.2 கிலோமீட்டர், அவருக்கு 1. இரண்டு வீடும் எதிரெதிரே.

அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், கம்பெனியை மாற்றினால் வேகம் வரலாம். தூரம் பொய் என்பதால் இல்லை, அந்தக் கம்பெனி தூரத்தைக் குறைத்து வைத்திருப்பதால். பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், உங்கள் கம்பி எந்த இடத்தில் போய் முடியும் என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்சிலேயே முடியும் என்றால் பத்துக் கம்பெனி மாறினாலும் அதே 5, 6தான்.

ஒரு எச்சரிக்கை. எதிர் வீட்டு மோடம் காட்டும் அட்டனுவேஷனை உங்கள் 44 பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். விடிஎஸ்எல் மோடம் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாக எண் தரும்: டி1, டி2, டி3 என்று. அவை அளக்கும் அதிர்வெண்கள் வேறு. டி3க்கு எண்ணே இல்லாமல் வெற்றாக இருந்தால் அதிர்ச்சி வேண்டாம், அவ்வளவு மேலே உள்ள சிக்னல் அந்தத் தூரத்தில் உயிரோடு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

ஜூன் 10

"பெட்டியிலிருந்து ஒருவர் முழுப் பலத்தோடு சிக்னல் விட்டால், எக்ஸ்சேஞ்சிலிருந்து களைத்து வரும் என் ஏடிஎஸ்எல் அதே கேபிளில் என்ன ஆகும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி இதுதான்.

செம்பு ஜோடிகள் ஒரே கேபிளுக்குள் நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஒன்றில் ஓடுவது பக்கத்தில் கசியும். கிராஸ்டாக் என்பது இதுதான். பெட்டிக்காரர் கீழ் அதிர்வெண்களில் முழுப் பலத்தோடு அனுப்பினால் தூரத்திலிருந்து வரும் ஏடிஎஸ்எல் மூழ்கிப்போகும். அதற்காகப் பெட்டியிலுள்ள கருவி அந்தப் பகுதியில் தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைப்பது உண்டு. அப்லோடு பக்கமும் இதே கதை. பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவரின் மோடம் சத்தத்தைக் குறைத்துப் பேச வேண்டும், இல்லையென்றால் தூரத்து வீட்டின் அப்லோடு அடிபடும்.

தெருவில் விடிஎஸ்எல் இணைப்புகள் கூடக் கூட எல்லோருடைய வேகமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதல் ஆளாக இணைந்தவருக்கு 31 என்றால், கேபிள் நிறைந்த பிறகு அதே நீளத்தில் அதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். கம்பெனி திருடவில்லை, பக்கத்து ஜோடிகள் விழித்துக்கொண்டன.

இதற்கு மருந்தாக வந்தது வெக்டரிங். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு 2010இல் ஜி.993.5 என்று தரப்படுத்தியது. ஒரு பெட்டியிலுள்ள எல்லா ஜோடிகளின் கசிவையும் கருவியே கணக்கிட்டு, எதிர்ச் சிக்னலை முன்கூட்டியே கலந்து அனுப்பிக் கழித்துவிடுகிறது. அருமையான வேலை. ஆனால் கேபிளில் உள்ள எல்லா ஜோடியும் ஒரே கருவியின் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் முழுப் பலன். அதே பெட்டியில் இரண்டு கம்பெனி தனித்தனிக் கருவி வைத்தால் ஒருவரின் கசிவை மற்றவர் கணக்கிட முடியாது. இங்கேதான் போட்டியும் வேகமும் முட்டிக்கொள்கின்றன. பல கம்பெனிகள் வேண்டும் என்றால் ஒரு கருவியை ஒருவர் வைத்து, மற்றவர்கள் அதன்மேல் மொத்த விலைக்கு வாங்கி விற்க வேண்டும். அப்படி விற்கும் இடங்களில் எந்தக் கம்பெனியிடம் போனாலும் சிங்க் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் மாலை நேரக் கூட்டத்திலும் போன் எடுப்பவரின் பொறுமையிலும்தான்.

ஜூன் 11

"சிங்க் 10, ஆனால் டவுன்லோடு எட்டரைக்கு மேல் போவதில்லை, மீதி ஒன்றரையைத் திருடுகிறார்கள்."

திருடவில்லை. ஏடிஎஸ்எல் உள்ளே தரவை 53 பைட் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. அதில் 5 பைட் தலைப்பு, 48தான் சரக்கு. முழு அளவுப் பாக்கெட் ஒன்றைப் பிபிபிஓஈ (கம்பெனியில் லாகின் செய்து இணையும் முறை) வழியாக அனுப்பினால் 32 துண்டு ஆகும், 1696 பைட். அதில் உங்கள் கோப்புக்குப் போய்ச் சேருவது 1452. நூற்றுக்கு 85, 86. எட்டரை என்றால் கணக்கு சரியாகவே இருக்கிறது. விடிஎஸ்எல்2இல் பொதுவாக இந்த நறுக்கல் இல்லை, 93 பக்கம் வரும்.

அப்புறம் டவுன்லோடு மென்பொருள் காட்டுவது கிலோபைட்டா கிலோபிட்டா என்று பாருங்கள். எட்டால் வகுக்க மறந்து புகார் எழுதியவர்கள் இங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

ஜூன் 13

கம்பெனியைத் திட்டுவதற்கு முன் வீட்டுக்குள் பாருங்கள். இதை முதல் நாளே எழுதியிருக்கலாம், பரவாயில்லை.

என் வீட்டில் மழை பெய்தால் சிங்க் 6லிருந்து 3க்கு விழும். வெயில் வந்து ஒரு நாள் ஆனால் மறுபடி ஏறும். போனை எடுத்தால் கரகர சத்தம். லைன் பார்க்க வந்தவர் மோடத்தைப் பார்க்கவே இல்லை. நேராக வெளிச்சுவரில் இருந்த சிறு டப்பாவைத் திறந்தார். உள்ளே இரண்டு கம்பியைக் கையால் முறுக்கி, மேலே சுற்றியிருந்த டேப் பசை காய்ந்து கழன்று தொங்கியது. முறுக்கின் மேல் பச்சைப் பொடி. விரலால் தொட்டதும் ஒரு கம்பி உடைந்து கையோடு வந்தது. அவர் இரண்டு பக்கமும் பளபளவென்று செம்பு தெரியும்வரை வெட்டி, ஜெல் நிரப்பிய கனெக்டரில் செருகி இடுக்கியால் அழுத்தினார். அழுத்தும்போது ஜெல் பிதுங்கி வெளியே வந்ததைக் காட்டி, "இது வெளியே வந்தால்தான் தண்ணீர் உள்ளே போகாது" என்றார். அன்று சிங்க் 6.3. மழையிலும் 6.3.

டப்பாவை மூடும்போது மாடிக்குப் போகும் பழைய கம்பி ஒன்றைக் காட்டி "இது எதற்கு?" என்று கேட்டார். எப்போதோ மாடியில் போன் இருந்த காலத்துக் கம்பி, மறுமுனையில் ஒன்றும் இல்லை. அதையும் கழற்றிவிட்டார். சும்மா தொங்கும் கிளைக் கம்பி சும்மா இருப்பதில்லை. சிக்னல் அதற்குள் போய், முனையில் முட்டித் திரும்பி வந்து, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மூலத்தையே அழித்துவிடும். 50 மீட்டர் கிளை என்றால் பள்ளம் 1 மெகாஹெர்ட்ஸை ஒட்டி விழும், ஏடிஎஸ்எல்2+இன் நடு மார்பில். 12 மீட்டர் என்றால் 4 மெகாஹெர்ட்ஸில். ஏடிஎஸ்எல்காரருக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை, விடிஎஸ்எல்காரருக்கு நஷ்டம்தான். ஏடிஎஸ்எல்லில் நன்றாக ஓடிய வீட்டு வயரிங் விடிஎஸ்எல் வந்ததும் காலை வாரிவிடுவது இப்படித்தான்.

எளிய சோதனை: லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் இடத்திலேயே மோடத்தை மாட்டுங்கள், மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். சிங்க் ஏறினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள் இருக்கிறான். ஏறவில்லை என்றால் மனசாட்சி சுத்தமாகப் போன் எடுத்துப் புகார் சொல்லலாம்.

ஜூன் 14

மாலை ஏழு மணிக்குச் சரியாக லைன் அறுகிறது என்பவருக்கு: ஏழு மணிக்கு வீட்டில் எதைப் போடுகிறீர்கள்? மலிவான எல்இடி விளக்கு, சார்ஜர், பழைய டிவியின் பவர் சப்ளை, எதுவாகவும் இருக்கலாம். பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோவை எடுத்து மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, வீடு முழுக்க நடங்கள். எந்தப் பொருளின் பக்கத்தில் இரைச்சல் பெருகுகிறதோ அதுதான் ஆள். மத்திய அலையும் ஏடிஎஸ்எல்லும் ஒரே அதிர்வெண் பகுதியில் வாழ்வதால் இந்த வைத்தியம் பலிக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரோரம் இரைச்சல் பெருகினால் கதவைத் தட்டுவது உங்கள் சாமர்த்தியம்.

ஜூன் 22

கேள்வி கேட்டவர் பெட்டிக் கம்பெனிக்கு மாறிவிட்டாராம். சிங்க் 27. எதிர் வீட்டைவிட 4 குறைவு என்று வருத்தப்படுகிறார். அவர் இணைந்த பிறகு எதிர் வீட்டின் 31 எவ்வளவு ஆனது என்று கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும். கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 25

எக்ஸ்சேஞ்சிலிருந்து 5 கிலோமீட்டருக்கு மேல் இருப்பவர், பெட்டி எதுவும் பக்கத்தில் இல்லை, அட்டனுவேஷன் 66, சிங்க் 900 கேபிபிஎஸ். என்ன செய்யலாம் என்கிறார்.

உங்கள் நீளத்தில் ஏடிஎஸ்எல்2+ தரும் மேல் பாதி முழுக்க வீண். மோடத்தில் மோடை ஏடிஎஸ்எல்2 என்றோ ஜி.டிஎம்டி (முதல் ஏடிஎஸ்எல்) என்றோ கட்டாயமாக வைத்துப் பாருங்கள். வேகம் பெரிதாக மாறாது, அறுவது நிற்கலாம். அனெக்ஸ் எல் என்று ஒரு வகை உண்டு, பலத்தையெல்லாம் கீழ் அதிர்வெண்களில் குவித்து நீண்ட லைன்களுக்காகவே செய்தது. கம்பெனியின் கருவியும் உங்கள் மோடமும் இரண்டும் ஆதரித்தால் கொஞ்சம் பலன். இரண்டாவது ஜோடி ஒன்று வாங்கி இரண்டையும் சேர்த்து ஓட்டும் பாண்டிங்கும் உண்டு. 900 என்பது 1800 ஆகும், பில்லும் ஆகும்.

கம்பெனியை மாற்ற வேண்டாம். எல்லாக் கம்பெனியும் உங்களிடம் இதே 5 கிலோமீட்டர் வழியாகத்தான் வர வேண்டும். மொபைல் சிக்னல் வீட்டில் நன்றாக இருந்தால் அதைப் பாருங்கள். மாத டேட்டா வரம்பை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.